துறைமுக நகரில் நான்கு நாட்கள்

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கும். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை, மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் போல அமர்ந்திருக்கும் ஹோட்டல், செந்தோசாத் தீவு, பிறகு கடைகள். இவை பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் ஒரு துறைமுக நகரம் ஏன் அந்த இடத்தில் பிறந்தது, அதை யார் கட்டினார்கள் என்பது இந்தப் பட்டியலில் வருவதில்லை.

எங்கள் குடும்பம் அங்கு செல்வதென்று முடிவானபோது திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாப்பா பல வருடங்களாகச் சேர்த்த பணம் அது. உம்மாவுக்கு முதல் வெளிநாட்டுச் சுற்றுலா. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி. தம்பிக்குக் கப்பல்களைத் தவிர வேறொன்றிலும் அக்கறையில்லை. ஒருவருடைய ஆசைக்காக மற்றவர் களைத்துப் போகாமலும், தொழுகை தவறாமலும், காசு வீணாகாமலும் நான்கு நாட்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதை இங்கே விளக்குகிறேன். இத்தகைய பொறுப்பு நாளை உங்களுக்கும் வரலாம்.

முதலில் கரையைத் தேடுங்கள்

துறைமுக நகரொன்றுக்குத் திட்டமிடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பழைய கடற்கரை எங்கே இருந்தது என்பதே. கப்பலில் வந்தவர்கள் கரையிறங்கிய இடத்தில்தான் முதல் பள்ளிவாசலும் முதல் கோயிலும் முதல் சந்தையும் எழுந்திருக்கும்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது சுவையானது. ஏனெனில் அங்கு கடல் இடம்மாறிவிட்டது. 1965இல் சுதந்திரம் பெற்றபோது ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றராக இருந்த அந்நாட்டின் பரப்பு, கடலை மண்ணிட்டு நிரப்பியதால் இன்று 730 சதுர கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. தெலுக் ஆயர் வீதி ஒரு காலத்தில் அலை வந்து மோதிய கரை. இன்று அங்கிருந்து பார்த்தால் உயர்ந்த கட்டடங்கள்தான் தெரியும். பீச் றோட்டின் பெயரில் மட்டுமே கடற்கரை மிஞ்சியிருக்கிறது.

மலாக்கா நீரிணையின் வாயிலில், கீழைக் கடலுக்கும் மேலைக் கடலுக்கும் இடையே அமைந்த தீவு அது. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், ஒரு காற்றில் வந்தவர்கள் அடுத்த காற்று வரும்வரை தங்கிச் செல்ல இது ஏற்ற இடமாக இருந்தது. 1819இல் ரபிள்ஸ் இதைச் சுங்கவரியற்ற துறைமுகமாக்கியதும் மலாயர், பூகிஸ்கள், சீனர், அரபிகள், தமிழ் முஸ்லிம்கள் எனப் பலரும் வந்து குவிந்தனர். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டம் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிப் பகுதியை ஒதுக்கியது. அந்தப் பிரிவுகள் இன்றும் தெருக்களாக நிற்கின்றன. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வகுத்தால் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

நீலக் கோட்டின் மேல் தங்குங்கள்

தங்குமிடத்தை விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது. பார்க்கப் போகும் இடங்களை எந்த ரயில் பாதை இணைக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்ஆர்டி வரைபடத்தில் நீல நிறத்தில் காட்டப்படும் டவுன்டவுன் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனால் தாவரவியல் பூங்கா, லிட்டில் இந்தியா, ரோச்சோர், பூகிஸ், பேஃபிரன்ட், தெலுக் ஆயர், சைனாடவுன் ஆகிய நிலையங்கள் வரும். எங்கள் திட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரே கோட்டில் அடங்கியது. சாங்கி விமான நிலையத்தில் ஏறி எக்ஸ்போ நிலையத்தில் மாறினாலும் இதே நீலப் பாதைதான். எனவே பூகிஸ், ரோச்சோர், லிட்டில் இந்தியா ஆகியவற்றுள் ஒன்றின் அருகே அறை எடுப்பது நல்லது. நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் உம்மும்மாவைப் போன்றவர்கள் படியேற வேண்டியதில்லை.

கட்டணத்துக்குத் தனி அட்டை வாங்காமல் தொடுகை வசதியுள்ள வங்கி அட்டையையே பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். வெளிநாட்டுப் பாவனைக்கு வங்கி மேலதிகமாக எவ்வளவு அறவிடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு மணிச் சூரியன்

சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அத்துடன் அந்நாடு தன் நெடுங்கோட்டுக்கு உரிய நேரத்தைவிட முந்திய நேரத்தையே கடைப்பிடிக்கிறது. அதனால் அங்கு சூரியன் உதிப்பது காலை 7 மணியளவில். மறைவதும் மாலை 7 மணியளவில். பூமத்திய கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வருடம் முழுவதும் இதில் பெரிய மாற்றமில்லை. லுஹர் பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பின்னாகவும், மஃரிப் ஏழு மணியளவிலும், இஷா எட்டேகால் அளவிலும் வரும்.

இதைக் கொண்டே நாளைப் பிரித்தேன். சூரியன் உதித்த பின் பதினொரு மணிவரை நடை. பிறகு வெயில் கடுமையாகும். பிற்பகலில் இடியுடன் மழையும் கொட்டலாம். லுஹர் நேரத்தில் பள்ளிவாசல், பகலுணவு, ஓய்வு. அஸருக்குப் பின் மீண்டும் வெளியே செல்வது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம் என்பதால் ஒவ்வொரு பையிலும் ஒரு குடை கட்டாயம். கஸ்ர், ஜம்உ சலுகைகள் எத்தனை நாள் தங்குவோருக்குப் பொருந்தும் என்பதைப் புறப்படுமுன் ஆலிம் ஒருவரிடம் கேட்டறிந்து குறித்துக்கொண்டால் அங்கு போய்த் தடுமாற வேண்டியதில்லை.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வீதியோரத்தில் பள்ளிவாசலைக் கண்டாலும் பெண்கள் தொழ இடமிருக்குமா என்ற தயக்கத்தோடுதான் நாம் வாகனத்தை விட்டு இறங்குகிறோம். தூரப் பயணங்களில் உம்மாமார் தொழுகைக்காகப் படும் சிரமம் நமக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் பெண்களுக்கெனத் தொழுமிடமும் வுழூச் செய்யும் இடமும் உண்டு. எனவே பெண்களையும் கருத்திற்கொண்டு பள்ளிவாசல்களையே தங்கு மையமாக வைத்துத் திட்டமிட முடிந்தது. பயணம் முழுவதும் உம்மாவின் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தேன்.

முதல் நாள்: கப்பல் வந்த கரை

தெலுக் ஆயர் வீதியில் தொடங்கினோம். சில நூறு அடிகளுக்குள் மூன்று பழைய வழிபாட்டிடங்கள் அங்கே உள்ளன. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடம் ஒன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயர் கடலோடிகளோடு சேர்ந்து பயணம் செய்திருப்பது வியப்பாக இராது. அடுத்தது, சீனக் கடலோடிகளின் தெய்வத்துக்கு 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட தியான் ஹொக் கெங் கோயில். மூன்றாவது, 1827இல் தோன்றிய அல்-அப்ரார் பள்ளிவாசல். ஆரம்பத்தில் அது ஓலைக் குடிசையாக இருந்ததால் தமிழர் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தனர்.

மூன்றுமே ஒரே காலத்தவை. மூன்றும் அன்று கடலைப் பார்த்தபடி நின்றன. ஆபத்தான கடற்பயணம் முடித்துக் கரையிறங்கியவர்கள் முதல் வேலையாக நன்றி செலுத்த விரும்பியிருக்கிறார்கள். கடல் விலகிய பின்பும் அந்த வரிசை மாறவில்லை.

அங்கிருந்து சிறு நடையில் சவுத் பிரிட்ஜ் றோட்டிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை அடையலாம். 1826இல் தமிழ் முஸ்லிம்களால் நிறுவப்பட்டது. அதன் அருகிலேயே 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. லுஹரை இங்கே தொழுதோம்.

மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரை. ஒரு காலத்தில் சரக்குப் படகுகளும் குப்பையும் நிறைந்து நாறிய ஆறு இது. பிரதமர் லீ குவான் யூ பத்து வருட அவகாசம் கொடுத்து 1977இல் தொடக்கிய துப்புரவுப் பணி 1987இல் நிறைவேறியது. இதைத் தெரிந்துகொண்டு அந்த நீரைப் பார்த்தால் நம் ஊர்க் கால்வாய்களின் நினைவு வராமல் போகாது. ஆறு கடலோடு சேரும் இடத்தில் புகழ்பெற்ற சிங்கமீன் சிலையும் இருக்கிறது.

இரண்டாம் நாள்: ஒரு பெண்ணின் பள்ளிவாசல்

கம்போங் கிளாம், சுல்தானுக்கும் மலாய், அரபு, பூகிஸ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்ட பகுதி. அதன் நடுவே பொன்னிறக் குவிமாடத்துடன் சுல்தான் பள்ளிவாசல் நிற்கிறது. முதற்கட்டடம் 1820களில் எழுந்தது. இன்றுள்ளது 1932இல் பூர்த்தியானது. குவிமாடத்தின் அடியில் கருநிற வளையம் ஒன்று தெரியும். அது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பகுதிகளால் ஆனது. செல்வந்தர் பணம் கொடுத்தபோது, ஏழை முஸ்லிம்களும் தங்கள் பங்காகப் போத்தல்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பொன்னைவிட அந்தக் கரிய வளையமே என்னை அதிகம் கவர்ந்தது.

எதிரிலுள்ள பஸ்ரா வீதி, ஹஜ் பயணம் கப்பலில் நடந்த காலத்தில் பல தீவுகளிலிருந்தும் வந்த யாத்திரிகர் கூடிய இடம். இன்று உணவுக் கடைகளும் அத்தர்க் கடைகளும் உள்ளன. பகலுணவுக்கு முர்தபாக் சாப்பிடலாம். ஒன்றை இருவர் பகிர்ந்தாலே போதும்.

பலர் தவறவிடும் இடம் பீச் றோட்டிலுள்ள ஹாஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல். மலாக்காவில் பிறந்த பாத்திமா, பூகிஸ் இளவரசர் ஒருவரை மணந்தார். கணவர் மறைந்தபின் கப்பல் வணிகத்தைத் தாமே நடத்திப் பெரும் செல்வரானார். அவரது வீட்டில் திருடர்கள் புகுந்து தீவைத்தபோது உயிர்தப்பினார். அதற்கு நன்றியாக அந்த இடத்திலேயே பள்ளிவாசல் கட்டுவதற்கு நிலமும் பணமும் வழங்கினார். 1846ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் மினாரா, மணற்பாங்கான நிலத்தின் காரணமாகச் சற்றே சாய்ந்து நிற்கிறது. அவரும் மகளும் மருமகனும் அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கப்பல்களை நடத்திய, பள்ளிவாசலைக் கட்டிய முஸ்லிம் பெண் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் இருந்தார் என்பதை எத்தனை பேர் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

மழை வந்தால் ஒதுங்க, விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகம் அருகிலேயே உண்டு. தமிழ் அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. தமிழ் நூல்களும் இருக்கின்றன. இஸ்லாமியப் பாடல்களின் தொகுப்பான 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் சிங்கப்பூரில் அச்சானது. 1887இல் 'சிங்கை நேசன்' என்ற வார இதழை மகுதூம் சாயபு நடத்தினார். அந்தத் துறைமுகத்தின் தமிழ் அச்சு வரலாற்றில் முஸ்லிம்களின் கை முன்னின்றதை இவை காட்டுகின்றன.

மூன்றாம் நாள்: கடல்

தம்பிக்கு உரிய நாள். மரீனா சவுத் பியரிலிருந்து படகேறிச் செயின்ட் ஜோன்ஸ் தீவுக்குச் சென்றோம். வழியெங்கும் நங்கூரமிட்ட கப்பல்கள். ஒரு கப்பலில் வந்த கொள்கலன்களை இன்னொன்றுக்கு மாற்றி அனுப்பும் தொழிலில் உலகில் முதன்மையானது சிங்கப்பூர். நம் கொழும்புத் துறைமுகமும் அதே தொழிலால்தான் வாழ்கிறது. நகர நடுவிலிருந்த துறைமுகத்தை மேற்கே துவாஸ் என்னுமிடத்துக்குப் படிப்படியாக நகர்த்துகிறார்கள். அங்கு 2022இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது.

அமைதியான அந்தத் தீவு, 1874 முதல் தொற்றுநோய்த் தனிமைப்படுத்தல் நிலையமாக இருந்தது. கப்பலில் வந்த குடியேறிகளும், மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளும் இங்கே தங்கவைக்கப்பட்டனர். நிழலும் மணற்கரையும் உண்டு. கடைகளை நம்பாமல் உணவும் நீரும் கொண்டு செல்லுங்கள். திரும்பும் படகு நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் மரீனா அணை. 2008இல் திறக்கப்பட்ட இது கடல்நீரைத் தடுத்து, விரிகுடாவையே நன்னீர்த் தேக்கமாக மாற்றியது. அண்டை நாட்டிலிருந்து தண்ணீர் வாங்கும் நாடொன்றின் கவலையும் முயற்சியும் அதில் தெரியும். பின்னர் அருகிலுள்ள விரிகுடாப் பூங்காவில் இராட்சத இரும்பு மரங்களின் ஒளிக்காட்சி. கண்ணாடி மாளிகைகளுக்கே நுழைவுச்சீட்டு. வெளித்தோட்டமும் ஒளிக்காட்சியும் இலவசம்.

நான்காம் நாள்: இறப்பரும் கொள்வனவும்

காலையில் தாவரவியல் பூங்கா. 1859இல் அமைந்தது, 2015இல் உலக மரபுரிமைச் சின்னமானது, நுழைவு இலவசம். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற இறப்பர் விதைகளின் நாற்றுகள் 1876இல் நம் கம்பஹா ஹெனரத்கொடவுக்கு வந்தன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் இந்தப் பூங்காவை அடைந்தன. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்டது இதுவே.

பிறகு லிட்டில் இந்தியா. டன்லப் வீதியிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் 25 கதிர்கள் கொண்ட சூரிய வடிவம் உண்டு. ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபெழுத்தில் எழுதப்பட்டுள்ளது. பொருட்கள் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்தேன். மிஞ்சிய பணம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். மூன்று நாட்கள் பையைச் சுமக்கவும் தேவையில்லை.

மறக்கக்கூடாதவை

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அரச இணையத்தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளங்களிடம் போகவேண்டாம். சுவிங்கம் கொண்டு செல்லக்கூடாது. குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். வெற்றுப் போத்தல் ஒன்று இருந்தால் நாளொன்றுக்குச் சில டொலர்கள் மிஞ்சும். பொது உணவுக்கூடங்களில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள். சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம் உண்டு.

பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு அல்குர்ஆன் நம்மைத் தூண்டுகிறது. சிந்திப்பதற்குத் திட்டத்திலும் இடம் விட வேண்டும். ஒரு நாளுக்கு எட்டு இடம் என்று ஓடினால் புகைப்படங்கள்தாம் மிஞ்சும். ஸ்தான்புலோ, மும்பாயோ, ஹொங்கொங்கோ எதுவாயினும் வழி ஒன்றுதான். பழைய கரையைக் கண்டுபிடியுங்கள். ஒரு நல்ல ரயில் பாதையைப் பிடியுங்கள். தொழுகை நேரங்களைச் சுற்றி நாளை அமையுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நடங்கள். வெளிநாடு செல்ல வசதியில்லையே என்று நினைக்கும் சகோதரிகள் காலிக் கோட்டையிலிருந்தோ கொழும்புப் புறக்கோட்டையிலிருந்தோ தொடங்கலாம். அங்கும் கப்பலில் வந்தவர்கள் தொழுத பள்ளிவாசல்கள் நம்மைக் காத்திருக்கின்றன.