ஓவன் இல்லாத வீட்டில் முழுத்துண்டு மாட்டுக்கறி



நினைவுச் சொற்பொழிவு என்றால் தத்துவம் பேசுவார்கள், வரலாறு பேசுவார்கள். சமையல் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் அமைப்புத் தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு கிலோ மாட்டுக்கறியைத் துண்டு போடாமல், முழுசாக, ஓவன் இல்லாத வீட்டில் எப்படி வேகவைப்பது என்பதுதான் பேச்சு. சட்டம், கூலி, வீட்டு வாடகை, பெண்களின் உழைப்பு எல்லாம் இந்தச் சட்டிக்குள் வந்து விழும் என்பதால் இந்த மேடைக்கு இது பொருந்தும் என்று நினைத்தேன்.

கைபேசியில் வெளிநாட்டுச் சமையல் காணொளி பார்க்காத மாணவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு பெரிய தொடைக்கறியை ஓவனுக்குள் தள்ளுகிறார்கள், வெளியே எடுத்து அறுத்தால் நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் ஓவன் இல்லையே என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சு தேவையில்லை என்பது என் கட்சி. நமக்குக் கடையில் கிடைக்கிற கறிக்கு ஓவனைவிட நம் சட்டியே சரியான கருவி. காரணத்தைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958ஆம் ஆண்டு வந்தது. அதன்படி மாட்டை வெட்டச் சான்றிதழ் வேண்டும். 10 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்றும் இருக்க வேண்டும். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டவே தடை விதித்தது. ஆக, நம் கடைக் கொக்கியில் தொங்குவது பெரும்பாலும் ஏர் இழுத்து, வண்டி இழுத்து ஓய்ந்த மாடு, அல்லது எருமை. அந்த வெளிநாட்டுக் காணொளியில் இருப்பதோ கறிக்கென்றே தீனி போட்டு வளர்த்து இரண்டு வயது வாக்கில் வெட்டிய இளங்கன்று. அதன் கறியில் உழைப்பே கிடையாது. நம் கறி முழுக்க உழைப்பு.

உழைத்த தசையில் ஜவ்வு அதிகம். கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது அது. மாட்டுக்கு வயது ஏற ஏற அந்த ஜவ்வு இன்னும் முறுகிக்கொள்கிறது. ஏறக்குறைய 70 டிகிரி சூட்டுக்கு மேல், ஈரத்தில், மணிக்கணக்கில் கிடந்தால்தான் அது கரைந்து பசையாகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் விரலில் ஒட்டுமே, அந்தப் பசைதான். ஓவன் தருவது உலர்ந்த சூடு. கிழட்டுக் காளையின் தொடையை வெறுமனே ஓவனில் வைத்தால் ஜவ்வு கரைவதற்குள் சாறு வற்றிவிடும். செருப்புத் தோலாகிவிடும் என்று சொன்னால் இந்த அரங்கில் யாரும் விளக்கம் கேட்க மாட்டீர்கள். மூடிய சட்டிக்குள் ஈரமும் சூடும் சேர்ந்தே நிற்கின்றன. தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் முழுத்துண்டு சமைத்த வழக்கம் இல்லை? ஏன் எப்போதும் சின்னச் சின்னத் துண்டு?

முதல் காரணம் கூறு. மாடு நம் தெருவுக்கு வந்த வழி கடை வழியல்ல. ஊருக்குள் செத்த மாட்டைத் தூக்கி வந்து, தோலை உரித்துக் கொடுக்கும் வேலை நம் தலையில் கட்டப்பட்டிருந்தது. அதற்குக் கூலி அந்தக் கறி. அதைத் தெருவே கூறு போட்டுப் பிரித்துக்கொண்டது. ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், சதை கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் எல்லாமும் இருக்க வேண்டும். நியாயமான பங்கீடு அது. ஆனால் அதில் எந்த வீட்டுக்கும் முழுத்துண்டு வராது. இரண்டாவது, விறகு. நாலு மணி நேரம் அடுப்பு எரிக்க நாள்கூலி வீட்டில் விறகும் கிடையாது, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. மூன்றாவது, மீந்த கறியைக் காப்பாற்ற வேண்டும். அதனால் நீள நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப்போட்டு உப்புக்கண்டம் ஆக்கினார்கள். பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். அதை வெயிலால் வாங்கிவிட்டால் கெடாது. மராத்வாடாவில் இதே காய்ந்த கறியைச் சான்யா என்கிறார்கள். அங்குள்ள தலித் சமையலைப் பற்றி ஷாஹு பட்டோளே மராத்தியில் எழுதிய நூல் 2015இல் வந்தது, 2024இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. மாணவர்கள் தேடிப் படியுங்கள். நம் தெருக்களைப் பற்றி அப்படியொரு நூல் நம்மிடமிருந்து வர வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை, ஊரார் போடும் மிச்சத்தை. இழிவைக் கூலியாக வாங்காதே என்பது அதன் பொருள். அதைக் காட்டி, மாட்டுக்கறியே இழிவு என்று நமக்கு வகுப்பெடுக்க வருகிறவர்கள் 1948இல் அவர் வெளியிட்ட ‘தீண்டப்படாதார் யார்’ நூலைப் படித்துவிட்டு வரட்டும். வேத காலத்தில் பிராமணர்கள் மாடு தின்றதை அதில் அவர் சான்றுகளோடு அடுக்கியிருக்கிறார். நமக்குள்ளும் ஒரே வழக்கம் இல்லை. இந்த வட்டாரத்தில் தேவேந்திரர் வீடுகளில் பெரும்பாலும் மாட்டுக்கறி ஏறுவதில்லை. பறையர், அருந்ததியர் வீடுகளில் ஏறும். சாப்பிடாதவர் சாப்பிடாமல் இருப்பதில் எனக்கு வழக்கு ஏதுமில்லை. சாப்பிடாததை ஒரு படி உயரமாக ஆக்கிக்கொள்ளும்போதுதான் வழக்கு வருகிறது.

சரி, நாம் முழுத்துண்டே சமைத்ததில்லையா? சமைத்திருக்கிறோம், அடுத்தவருக்காக. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் மாட்டுக்கறியைத் தொட மற்ற சாதியார் வரமாட்டார்கள் என்பதால் சென்னை மாகாணத்தில் அவர்களுக்குச் சமைத்தவர்களில் பெரும்பகுதி பறையர்கள். ஐரோப்பியர் இவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதைப் பற்றி அபே துபுவா பாதிரியாரே முகம் சுளித்து எழுதியிருக்கிறார். 1878இல் சென்னையில் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அதில் வரும் உள்ளூர்ச் சமையல்காரர் எல்லாருக்கும் ஒரே பெயர், ராமசாமி. முழுத் தொடையைப் பொன்னிறமாக வறுத்து மேசையில் வைத்தவருக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. அந்தக் காலத்துச் சமையலறையில் சட்டிக்குக் கீழே கங்கு, மூடிமேலும் கங்கு. இரண்டு பக்கச் சூடு கிடைத்துவிட்டால் அதுதான் ஓவன்.

சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர் கேட்பது இரண்டு: ஆடித்தபசு, பிரியாணி. விறகடுப்பில் பிரியாணி போடும் மாஸ்டர் தம் போடும்போது மூடிமேல் கங்கு அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இதுவும். கறி மாறும்போது மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடு என்று சொல்லி விளக்கம் கேட்டது.

இனி அடுப்புக்கு வருவோம்.

கடைக்குக் காலையிலேயே போங்கள். கட்டையில் வைத்து வெட்டத் தொடங்கிவிட்டால் முழுத்துண்டு கிடைக்காது. பின்னந்தொடையில் அல்லது முன்சப்பையில் இரண்டு கிலோ, எலும்பில்லாமல், ஒரே துண்டு என்று கேளுங்கள். கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், பரவாயில்லை. நடுநடுவே வெள்ளையாக ஜவ்வு ஓடினால் நல்ல துண்டு. அதை வெட்டி எறியச் சொல்லாதீர்கள், சுவையே அதில்தான். வெளிப்பக்கம் தடித்த தோல்போல் இருப்பதை மட்டும் எடுத்துவிடலாம். கனம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பருத்தி நூலால் மூன்று நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டினால் உருவம் கலையாது. பிளாஸ்டிக் நூல் கூடாது.

கிலோவுக்கு 15 கிராம் உப்பு. இரண்டு கிலோவுக்கு 30 கிராம். ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி தூளுப்பு வரும். இடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள் சேர்த்துத் தடவுங்கள். குளிர்பெட்டி இருந்தால் இரவு முழுக்க அதில் இருக்கட்டும். உப்பு உள்ளே இறங்க நேரம் வேண்டும். இல்லையென்றால் ஒரு மணி நேரம் போதும், நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பப்பாளிக்காய் போடலாமா என்று கேட்பார்கள். சின்னத் துண்டுக்குச் சரி. பெரிய துண்டில் அது மேல்பரப்பைக் கூழாக்கும், உள்ளே எட்டாது.

கனமான இரும்புச் சட்டி அல்லது அடிகனத்த அலுமினியப் பாத்திரம் வேண்டும். கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, நல்லெண்ணெய் காய்ந்ததும் போட்டு, ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். நன்றாகக் கருஞ்சிவப்பு ஏற வேண்டும். இப்படிச் செய்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்று பலரும் சொல்கிறார்கள், அது உண்மையில்லை. மணத்துக்கும் நிறத்துக்கும்தான் இந்த வேலை. மண்சட்டியில் வேகவைக்க ஆசையென்றால், இதை மட்டும் இரும்பில் செய்துவிட்டுக் கறியை மாற்றுங்கள். வெறுஞ்சூட்டில் மண்சட்டி விரிசல் விடும்.

கறியை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, வரமிளகாய், கால் கிலோ சின்ன வெங்காயம் முழுசாக, இரண்டு முழுப்பூண்டு உரித்துப் போட்டு வதக்குங்கள். இரண்டு தக்காளி, வறுத்து அரைத்த மல்லி, சீரகம், மிளகு. கறியை அதன்மேல் உட்கார வையுங்கள். கொதித்த தண்ணீர் கறியின் கால்பங்கு உயரத்துக்கு மட்டும். முழுக ஊற்றினால் அது குழம்பு, நாம் செய்வது வேறு. மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டலாம். ஆனால் இடையில் திறந்து பார்க்க வேண்டியிருப்பதால், முதல்முறை செய்கிறவர்கள் மூடிமேல் கனமாக எதையாவது வைத்தால் போதும்.

விறகடுப்பு என்றால் சுவாலை அடங்கியதும் கங்கைப் பரப்பிச் சட்டியை வையுங்கள், மூடிமேலும் சிரட்டைக் கங்கு பத்துப் பன்னிரண்டு. அரைமணிக்கு ஒருமுறை கங்கு மாற்ற வேண்டும். இது திறந்த வெளி வேலை. கதவடைத்த அறைக்குள் கங்கு வைத்தால் அந்த வாயு ஆளைக் கொல்லும். கேஸ் அடுப்பு என்றால் மேலே கங்கு வேண்டாம். சட்டிக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, தீயைக் கடைசிவரை குறைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை கறியைப் புரட்டிவிட்டால் போதும்.

உள்ளே தளபுளவென்று கொதிக்கக் கூடாது. காதை வைத்துக் கேட்டால் ஒன்றிரண்டு குமிழி வெடிக்கும் சத்தம் மட்டும் வர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் பச்சைக் கறியைவிடக் கெட்டியாக இருக்கும். பலபேர் அங்கேதான் பயந்து, கெட்ட மாடு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு துண்டு போட்டுவிடுகிறார்கள். நார் சுருங்கிவிட்டது, ஜவ்வு இன்னும் கரையவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. விட்டுவிடுங்கள். மூன்றரை மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள், வயதான மாடு என்றால் இன்னும் கொஞ்சம் கூட, கம்பி தடையில்லாமல் உள்ளே இறங்கும். கடிகாரத்தை நம்பாதீர்கள், கம்பியை நம்புங்கள்.

இந்த நாலு மணி நேரம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். கோவில் கொடையில் அண்டா வைத்துச் சமைக்க ஆண்கள் வந்துவிடுவார்கள், பெயரும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் கங்கு மாற்றுவது அம்மாவும் அக்காவும்தான். தம்பிமார்களே, முழுத்துண்டு ஆசை உங்களுக்கு என்றால் கங்கும் உங்கள் கையில் இருக்கட்டும்.

வாடகை அறையில் இருக்கும் மாணவர்களுக்குக் குக்கர். வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி என்ன சாதி, அதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்பது கறி சமைப்பீர்களா. நாலு மணி நேரம் மணம் பரப்ப அங்கே வழியில்லை. ஐந்து லிட்டர் குக்கரில் ஒன்றரைக் கிலோ துண்டு அடங்கும். அதே சாமான், ஒன்றரை டம்ளர் தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். விசிலை எண்ண வேண்டாம். உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்குவதால் ஜவ்வு சீக்கிரம் கரைகிறது. ஆவியைக் கரண்டியால் தூக்கி விடாமல் தானாக அடங்க விடுங்கள். திடீரென்று அழுத்தம் இறங்கினால் கறிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியேறிவிடும். சட்டியில் வெந்த மணம் இதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். பசிக்கு அது பெரிய குறையும் இல்லை.

எடுத்த உடனே அறுக்காதீர்கள். மூடி வைத்து அரைமணி ஆறட்டும். அதற்குள் சட்டியில் இருக்கும் சாற்றை, வெந்து கரைந்த வெங்காயத்தோடு மசித்துக் கெட்டியாக வற்றவையுங்கள். நூலை அவிழ்த்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அரைவிரல் கனத்துக்கு அறுங்கள். நாரோடு அறுத்தால் நாலு மணி நேர உழைப்பும் பல்லிடுக்கில் போய்விடும். மேலே அந்தச் சாற்றை ஊற்றிச் சோற்றுக்கோ இடியாப்பத்துக்கோ வைக்கலாம். இரண்டு கிலோ பச்சைக் கறி வெந்தபின் ஒன்றேகால் கிலோ வாக்கில் நிற்கும். எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

மீந்ததைச் சாற்றோடு குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சாறு கட்டியாக உறைந்திருக்கும், கறி கத்திக்குச் சீராக அறுபடும். அதை மெல்லிசாக அறுத்து, தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் மிளகும் போட்டு இரும்புச் சட்டியில் புரட்டினால் முதல்நாளைவிட நன்றாக இருக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்று இரவே அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.