சந்தா கட்டியும் படம் ஏன் மங்கலா வருது?

மாசாமாசம் சந்தா கட்டுறீங்க, வைஃபை நல்லா ஓடுது, லேப்டாப்பும் புதுசு. ஆனா பிரவுசர்ல படம் போட்டா கொஞ்சம் கலங்கலா தெரியுது. அதே படம் டிவியில பளிச்னு வருது. ரவுட்டரை எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் சரியாகல. நெட் மேல தப்பு இல்லாமலேயே இப்படி ஆகலாம். பிரவுசருக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. இன்னிக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 2005-ல யூடியூப் வந்தப்போ பிரவுசருக்குத் தானா வீடியோ ஓட்டத் தெரியாது. பிளாஷ்னு ஒரு பிளக்இன் போடணும். 2007-ல மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட்டைக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸ் பிரவுசர்ல ஓட அது வேணும். லினக்ஸ்காரங்க பாடுதான் திண்டாட்டம். சில்வர்லைட்டுக்குப் பதிலா மூன்லைட்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா நெட்ஃபிளிக்ஸ் போட்டிருந்த பூட்டை அதால திறக்க முடியல. 2014-லதான் குரோம் வழியா அவங்களுக்கு வழி கிடைச்சது.

பிளக்இன்ல பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம், பேட்டரியையும் தின்னும். ஐபோன் ஆரம்பத்துல இருந்தே பிளாஷைச் சேர்த்துக்கல. 2015-ல யூடியூப் எச்டிஎம்எல்5 வீடியோவுக்கு மாறுச்சு. அதே வருஷம் குரோம் பழைய பிளக்இன்களுக்குக் கதவைச் சாத்துச்சு. 2020 டிசம்பர் 31-ஓட பிளாஷ் கதையும் முடிஞ்சது.

அப்பாடா, தொல்லை விட்டதுன்னு நினைச்சோம். ஆனா படக் கம்பெனிகளுக்கு ஒரு பயம்: பூட்டு இல்லாம அனுப்பினா யார் வேணாலும் காப்பி எடுத்துடுவாங்களே! அதுக்காக ஈஎம்இ-ன்னு ஒரு முறை வந்துச்சு. வீடியோ தளமும், பூட்டைத் திறக்கிற மென்பொருளும் பிரவுசர் வழியா பேசிக்கிற பொதுமொழின்னு வச்சுக்கலாம். வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர்ல இதை ஏத்துக்கிச்சு. அதை எதிர்த்து, டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடுற ஈஎஃப்எஃப் அந்த அமைப்பை விட்டே வெளியேறுச்சு.

மொழி பொது, பூட்டு மட்டும் ஆளுக்கொண்ணு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல கூகுளோட வைட்வைன். சஃபாரியில ஆப்பிளோட ஃபேர்பிளே. விண்டோஸ்ல இருக்கிற எட்ஜ்ல மைக்ரோசாஃப்டோட பிளேரெடி.

வைட்வைன்லயே படிநிலை உண்டு. எல்1-ன்னா பூட்டைத் திறக்கிறதும் படத்தை விரிக்கிறதும் சிப்போட பாதுகாப்பான பகுதிக்குள்ளயே நடக்கும். எல்3-ன்னா எல்லாமே மென்பொருள்ல. அதை உடைக்கிறது சுலபம். கம்ப்யூட்டர்ல இருக்கிற குரோம், ஃபயர்ஃபாக்ஸுக்குப் பெரும்பாலும் எல்3தான். அதனால சேவைகள் அங்க தரத்தைக் குறைச்சு அனுப்புறாங்க. எவ்வளவு குறைக்கிறதுங்கறது அவங்கவங்க முடிவு. ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் இதே கதைதான்.

கொடுமை என்னன்னா, திருட்டுப் பிரதி பார்க்கிறவருக்கு இந்தப் பூட்டே கிடையாது. காசு கட்டினவருக்குத்தான் கலங்கல் படம். முன்னாடி பிளக்இன் இல்லன்னா 'இன்ஸ்டால் பண்ணுங்க'ன்னு முகத்துக்கு நேரா சொல்லும். இப்போ அது பிரவுசருக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. தரத்தைக் குறைச்சாலும் பெரும்பாலும் வாயே திறக்காது.

சரி, என்ன செய்யலாம்? விண்டோஸ்னா எட்ஜ்ல, மேக்னா சஃபாரியில அதே படத்தைப் போட்டுப் பாருங்க. வெளி மானிட்டர் மாட்டியிருந்தா அதைக் கழட்டிட்டும் ஒரு தடவை பாருங்க. பழைய மானிட்டர், கேபிளாலயும் தரம் குறையலாம். புது ஃபோன் வாங்குறப்போ வைட்வைன் எல்1 இருக்கான்னு கேளுங்க. பெரிய பிளானுக்கு மாறுறதுக்கு முன்னாடி, எந்தப் பிரவுசர்ல எவ்வளவு தரம்னு அந்தச் சேவையோட உதவிப் பக்கத்துல தேடிப் பாருங்க. உங்க பிரவுசர்ல 720-க்கு மேல வராதுன்னா, 4கே பிளானுக்குக் கட்டுற காசு அந்த லேப்டாப்புக்கு வீண்தான்.

லினக்ஸ் நண்பர்களே, உங்களுக்குச் சொல்ல என்கிட்ட நல்ல வழி எதுவும் இல்ல. டிவியில பாருங்க, மன்னிச்சுக்கோங்க!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.