டியூபுக்குள் என்ன இருக்கிறது?

படர்தாமரையை அறியாதவர் நம்முள் யார்? சேற்றில் நிற்போரையும் வியர்வையில் உழைப்போரையும் அது எளிதில் விடுவதில்லை. அதற்குப் பூசும் களிம்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை, வேதியியல் பயிலும் மாணவி என்ற முறையில் சிறிது கூற விழைகிறேன்.

இப்பூஞ்சை வாழுமிடம், தோலின் மேற்புறத்தே உள்ள இறந்த செல்களின் படலம். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிப்பு 0.02 மில்லிமீட்டருக்கு மேற்படாது! அங்குள்ள கெரட்டின் என்னும் புரதமே பூஞ்சையின் உணவு. செல்கள் செங்கல்லாகவும், இடைப்பட்ட கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் அது. கொழுப்பில் கரையும் பொருளே அதில் எளிதாக நுழையும். மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் தோலைக் கடப்பது அரிது என்பர். டெர்பினாஃபினின் எடை 291, குளோட்ரிமசோலுக்கு 345. கீட்டோகொனசோலுக்கோ 531! ஆயினும் அதுவும் களிம்பாகப் பயன்படுகிறதே, எப்படி? மருந்து சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்க வேண்டியதில்லை. சுவருக்குள் தங்கினாலே போதும். எதிரி அங்கேதானே இருக்கிறான்!

மருந்தைச் சுமக்கும் அடிப்பொருளும் முக்கியம். மருந்து அதனுடன் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால், அதை விட்டுத் தோலுக்குள் போகாது. லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் பழைய களிம்பில் பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். முன்னது பூஞ்சையை அடக்கும். பின்னது செத்த தோலை உரித்து வழிவிடும். எளிய வேதியியல்தான், ஆனால் எவ்வளவு அழகு! நகத்துக்குள் மருந்தைச் செலுத்துவதுதான் மிகக் கடினம். அதற்கு நகப்பூச்சுப் போன்ற மருந்துகள் உண்டு. பூச்சு உலர உலர, அதிலுள்ள மருந்தின் செறிவு ஏறும்.

இனி, என்னை இதை எழுதத் தூண்டியதைச் சொல்கிறேன். களை எடுக்கப் போகும் என் அம்மா, அரிப்புக்கென்று கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தார். மூன்றே நாளில் அரிப்பு போயிற்று. பூசுவதை நிறுத்தியதும் வட்டம் முன்னிலும் பெரிதாகப் படர்ந்தது. எங்கள் வீட்டில் டியூபின் மேலுள்ள ஆங்கில எழுத்தைப் படிக்க முதலில் வாய்த்தவள் நானே. பூஞ்சை மருந்துடன் குளோபீட்டசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டும் அதில் இருந்தது. அது அரிப்பை மறைக்கும். தோலின் எதிர்ப்பையும் தணித்துப் பூஞ்சையைப் பரவவிடும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகும். இந்தியாவில் பரவியுள்ள, 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே எனப் பெயரிடப்பட்ட பூஞ்சை, பலரிடம் டெர்பினாஃபினுக்கே அடங்குவதில்லை. அது இவ்வளவு பரவ இத்தகைய கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு ஸ்டீராய்டு கலவாத களிம்பு கொடுத்தார்கள். வட்டத்தின் விளிம்பைத் தாண்டியும் பூசவேண்டும், தோல் தெளிந்த பின்னும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது என்றார் மருத்துவர். நாட்காட்டியில் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.