தோளுக்கேற்ற கட்டை

கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட சமண வணிகன் துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று நம் சங்கத்து அன்பர்கள் சிரிக்கலாம். நான் எழுதப்போவது குண்டைப் பற்றி அல்ல, கட்டையைப் பற்றி. ஆயுள் பூராவும் மரம் விற்றவனுக்கு அந்த உரிமை உண்டுதானே! நம் பிள்ளைகள் சிலர் என்.சி.சி.யிலும் ரைபிள் கிளப்பிலும் காகிதக் குறியைச் சுட்டுப் பழகுகிறார்கள். குறி தவறினால் பிள்ளையைத்தான் திட்டுகிறோம். தப்பு பிள்ளையிடமா, கட்டையிடமா என்று பார்ப்பவர் குறைவு.

ரைபிளில் தோளோடு சேர்த்து ஊன்றும் பகுதிதான் பின்கட்டை. மடக்குவதும் உண்டு, இழுத்து நீட்டுவதும் உண்டு. இரண்டும் இல்லாமல் ஒரே நிலையில் நிற்பது நிலைக்கட்டை. கீல், பூட்டு எதுவும் இல்லாததால் கனம் குறைவு, ஆட்டமும் கிடையாது. ஆனால் ரெடிமேட் சட்டை மாதிரி ஒரே அளவில்தான் வரும். ஆட்கள் ஒரே அளவில் பிறப்பதில்லையே!

பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது நீளம்: ட்ரிகரின் முகத்திலிருந்து கட்டையின் பின்முனை நடு வரை. இது கூடினால் சுடுபவர் பின்னால் சாய்வார். கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். தொலைநோக்கி இருந்தால் புருவத்தைக் கிழிக்கும். இரண்டாவது கன்னம் பதியும் மேல்விளிம்பின் உயரம். கன்னம் பதிந்ததும் கண் தானாகவே குறிக்கு நேராக நிற்க வேண்டும். மூன்றாவது பக்கச் சாய்வு, நான்காவது பின்தகட்டின் கோணம். தகடு முழுவதும் தோளில் பட வேண்டும். முனை மட்டும் பட்டால் உதை முழுவதும் அந்த ஓர் இடத்திலேயே விழும்.

ஆளுக்கேற்ற கட்டை என்பது இன்றைய சொகுசு அல்ல. நம் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. 1904-ல் நிறுவப்பட்ட அந்த ஆலையில் லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் லட்சக்கணக்கில் உருவாயின. அந்த ரைபிளில் முன்கட்டை வேறு, பின்கட்டை வேறு. பின்கட்டையை உலோகக் குழியில் செருகி, உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டால் இறுக்குவார்கள். அதனால் ஆளுக்குத் தக்கபடி கட்டையை மட்டும் மாற்ற முடிந்தது. வழக்கமான அளவு ஒன்று; அதைவிட அரை அங்குலம் நீண்டது ஒன்று, அரை அங்குலம் குட்டையானது ஒன்று. ஒரு அங்குலமே குட்டையானதற்கு பாண்டம் என்று பெயர். பாண்டம் என்பது குள்ளக் கோழி. ஜாவாவின் பாண்டென் துறைமுகத்துப் பெயரிலிருந்து வந்த சொல். 1914-ல் பிரிட்டனில் உயரம் குறைந்தவர்களுக்கென அமைத்த பட்டாளங்களையும் இதே பெயரால் அழைத்தார்கள். ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்க்க நினைக்கும் ராணுவமே ஆளைப் பார்த்துக் கட்டை கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய லீ-என்ஃபீல்டில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டை போல்ட்டைத் திருகக் கூடாது. போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பிடித்திருக்கும். திருகினால் முன்கட்டை பிளந்துவிடும்.

சரி, கையில் இருக்கும் நிலைக்கட்டையை எப்படிப் பொருத்துவது? முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளக்கிறார்கள். அது தோராயம்தான். கழுத்து நீளமும் உடுத்திய துணியின் கனமும் கணக்கை மாற்றும். நம்பத் தகுந்த சோதனை வேறு. தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, ரைபிளைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே குறி நேராகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் அல்ல.

கட்டை குட்டையானால் பின்தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வில்லைகளை வைத்து நீட்டலாம். கன்னம் தாழ்ந்தால் தோல் பட்டையைக் கட்டி, அடியில் ஒவ்வொரு மடிப்பாகச் சேர்த்து உயர்த்தலாம். நீளம் கூடினால்தான் அறுக்க வேண்டும். அறுத்த மரம் திரும்ப வளராது. அதிலும் ரப்பர் மெத்தை வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன் தடிமனையும் கணக்கில் சேர்த்த பிறகே ரம்பத்தை எடுக்கலாம். மரக்கட்டை வாங்கும்போது கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் ரேகை குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அங்கேதான் உடையும். எத்தனை பாலிஷ் போட்டாலும் அது மாறாது.

கனம் குறைந்த கட்டைக்கு ஒரு விலையும் உண்டு. நியூட்டன் சொன்ன விதிப்படி, அதே தோட்டாவுக்கு லேசான துப்பாக்கி அதிக வேகத்தில் பின்னுக்கு உதைக்கும். ஆகவே லேசான கட்டைக்குத்தான் பொருத்தம் கூடுதலாக வேண்டும்.

உதையே இல்லாத காற்று ரைபிளுக்கும் இது பொருந்தும். 10 மீட்டர் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் 0.5 மில்லிமீட்டர், ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த ரைபிள்களில் கன்னத்தாங்கி, பின்தகடு இரண்டையும் நுணுக்கமாக நகர்த்தி உடம்புக்கேற்ப வைத்துக்கொள்கிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் ஆடுவது இந்த ஆட்டம்தான். நம்மைப் போலப் பிழைக்க வந்த இடத்தில் வளர்ந்த பெண்! அந்த உச்சத்தில் இருப்பவர்களே கட்டையைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் மகளோ பேரனோ குறி தவறித் தோள் கன்றி வீடு வந்தால், ‘உனக்கு வராது’ என்று சொல்லிவிடாதீர்கள். பயிற்றுநரிடம் போய், கட்டையின் நீளத்தை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அரை அங்குல மரத்துக்காக ஒரு பிள்ளையின் ஆசையை விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரம் அல்ல.