சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர்

மேனாடுகளில் கால்பந்தாட்டத்தையே ஜீவனமாகக் கொண்டு, இந்த வருஷம் ஒரு கிளப், அடுத்த வருஷம் வேறொரு கிளப் என்று ஊர் ஊராகச் சஞ்சரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. புகழ் அவர்களை எட்டிப் பார்க்கும், தங்கிவிடாது. அத்தகைய வாழ்க்கை ஒன்றைச் சேலம் ஜில்லாவில் தேட வேண்டுமானால் கிரிக்கெட் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீ டி. நடராஜனைப் பற்றிச் சொல்லுகிறேன்.

1991-ல் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர். தகப்பனார் தறிக் கூலித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கோழி இறைச்சி விற்றவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவரான நடராஜன் இருபதாவது வயது வரையில் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். அந்த லேசான பந்தை மட்டைக்காரரின் கால் விரலடியில் இறக்காவிட்டால் அது ஊருக்கு வெளியே போய் விழும். அப்படிக் காலடியில் இறக்குவதற்குத்தான் யார்க்கர் என்று பெயர். ஒரு முழம் முன்னதாக விழுந்தாலும் அடி, தரையில் படாமல் சென்றாலும் அடி. இடது கைக்காரரான நடராஜனுக்கு இந்த வித்தை கைவந்தது.

ஊரிலிருந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். 2010–11-ல் நான்காம் டிவிஷனில் தொடங்கி, பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று படியேறி, 1915-ல் அல்ல, நூறு வருஷம் கழித்து 2015 ஜனவரியில் ரஞ்சிப் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்காக வங்காளத்தை எதிர்த்து ஆடினார். நூறு வருஷத்தை ஏன் இழுத்தேன் என்றால், தறிக் குடிசையிலிருந்து ரஞ்சி மைதானத்துக்கு உள்ள தூரம் அவ்வளவு!

ஏறிய வேகத்திலேயே சறுக்கலும் வந்தது. பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாதென்பது சட்டம். அவர் கை வீச்சில் சந்தேகம் கிளம்பியது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, "உன் கையெழுத்தை மறந்துவிட்டு வேறு கையெழுத்து பழகு" என்று சொல்வது போன்ற தண்டனை இது. பலர் இந்த இடத்தோடு ஊர் திரும்பி விடுவார்கள். நடராஜன் ஸ்ரீ சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்களிடம் சுமார் ஒரு வருஷம் பாடுபட்டு வீச்சை மாற்றிக்கொண்டார். யார்க்கர் மட்டும் மாறவில்லை.

2016-ல் திண்டுக்கல் அணிக்காக அவர் வீசியதைப் பம்பாய், டில்லிக்காரர்கள் கவனித்தார்கள். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பத்து லட்சத்தில் தொடங்கிய விலை 3 கோடி ரூபாயில் நின்றது. நம் பக்கத்து மாட்டுச் சந்தையிலாவது துண்டுக்குள் விரல் பிடித்து மறைவாக விலை பேசுவார்கள். இங்கே மனிதருக்கு உலகம் பார்க்க விலை கூறுகிறார்கள்! பஞ்சாப் அணிக்கு 6 ஆட்டத்தில் 2 விக்கெட். அடுத்த வருஷம் விலை 40 லட்சம். ஹைதராபாத் அணியில் இரண்டு வருஷம் ஓர் ஆட்டமும் இல்லை.

2020-ல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட் எடுத்தார். டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர் பிரசித்தம். வலைப் பயிற்சிக்குப் பந்து வீசவென்று ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், மற்றவர்கள் காயம்படக் காயம்பட, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். இந்தியரில் இது முதல் தடவை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். இடையில் ஊரில் பிறந்த பெண் குழந்தையின் முகத்தை அவர் பார்த்தது ஆட்டமெல்லாம் முடிந்த பிறகுதான். சின்னப்பம்பட்டி அவரை ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

அந்த மார்ச்சில் புனாவில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை; எதிரே சாம் கரன் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். நடராஜன் கொடுக்கவில்லை, இந்தியா 7 ரன்னில் ஜயித்தது. அடுத்த மாதமே முழங்காலில் ரண சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒரு நாள் ஆட்டம், நான்கு இருபது ஓவர் ஆட்டம்: 2025 வரையில் தேசத்துக்காக அவர் ஆடியது இவ்வளவே. ஏலமோ நிற்கவில்லை. 2022-ல் 4 கோடி, 2025-ல் டில்லிக்கு 10 கோடியே 75 லட்சம். அந்த வருஷம் ஆடக் கிடைத்தது இரண்டே ஆட்டங்கள்.

சம்பாத்தியத்தில் ஒரு பகுதி சின்னப்பம்பட்டியில் மைதானமாகி, 2023 ஜூனில் ஸ்ரீ தினேஷ் கார்த்திக்கால் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே அவ்வூர்ப் பையன் ஜி. பெரியசாமி, நடராஜன் கைகொடுத்துத் தூக்கிவிட, 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் வீழ்த்திச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். எதிர் அணி எது தெரியுமோ? நடராஜனின் பழைய திண்டுக்கல்தான்!