காப்பீடு முடியும் இடத்தில் ஈகை

பிறக்கும்போதே இதயத்தின் அமைப்பில் காணப்படும் குறை, பிறவி இதயக் குறைபாடு எனப்படுகிறது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இக்குறை இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இந்தியாவில் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இக்குறையுடன் பிறப்பதாகவும், அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஒரு வயது நிறைவதற்குள்ளேயே சிகிச்சை தேவைப்படுவதாகவும் மதிப்பிடப்படுகிறது. மானாவாரிப் பயிரையும் கூலி வேலையையும் நம்பிய குடும்பங்கள் மிகுந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இத்தகைய குழந்தை பிறக்கும்போது, அறுவை சிகிச்சைக்கு யார் பணம் தருவார் என்பதே ஒரு காலத்தில் முதற்கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்விக்கு அரசுக் காப்பீடு இன்று பெருமளவு விடை கூறிவிட்ட நிலையில், தனியார் ஈகை எங்கே தேவைப்படுகிறது என்பது புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகியுள்ளது.

ஓட்டை என்னும் ஒற்றைச் சொல்

பேச்சு வழக்கில் "இதயத்தில் ஓட்டை" என்ற ஒரே தொடர் பலவகைக் குறைகளையும் குறித்துவிடுகிறது. இதயத்தின் கீழ் அறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் துளை இருப்பது ஒரு வகை; மேல் அறைகளின் சுவரில் துளை இருப்பது மற்றொரு வகை. கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை என்பதால், இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துச் செல்வதற்கென இயற்கை அமைத்த ஒரு குறுக்குக் குழாய், பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ள வேண்டியது, மூடாமல் நின்றுவிடுவது மூன்றாவது வகை. நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகி, போதிய உயிர்வளி ஏறாத இரத்தம் உடலெங்கும் பரவுவதால் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும் குறைகள் வேறொரு தொகுதி. சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. சிலவற்றைத் தொடையிலுள்ள இரத்தக் குழாயின் வழியே செலுத்தப்படும் மெல்லிய குழாயின் உதவியால், குடை போல் விரியும் சிறு கருவியைப் பொருத்தி, மார்பைத் திறக்காமலே அடைத்துவிட முடிகிறது. எஞ்சியவற்றுக்கே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

எந்தக் குறையானாலும் காலமே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. கீழ் அறைச் சுவரில் பெரிய துளை உள்ள குழந்தையின் நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய இரத்தம் பாய்ந்துகொண்டே இருப்பதால், அங்குள்ள நுண்குழாய்கள் நாளடைவில் தடித்து இறுகி, ஒரு கட்டத்துக்குப் பின் துளையை அடைத்தாலும் பயனில்லை என்ற நிலை வந்துவிடுகிறது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கோ முதல் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும். ஆகவே, ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் பெருந்தொகையைவிட, உரிய வாரத்தில் கிடைக்கும் பேருந்துக் கட்டணம் ஓர் உயிருக்கு அதிகமாக உதவக்கூடும்.

அரசு போட்ட பாதை

தமிழ்நாட்டில் ஏழைக் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் 2008-இல் தொடங்கியது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பின்னர் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் சென்றால் அட்டை பெற வழியுண்டு.

குறையைக் கண்டறியும் பணி, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் பொறுப்பில் உள்ளது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் அடங்கிய நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்தின் 4 ஒன்றியங்களும் அரியலூர் மாவட்டத்தின் 6 ஒன்றியங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வருகின்றன. ஐயத்துக்குரிய குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கும், அங்கிருந்து எக்கோ பரிசோதனைக்கும் அனுப்பப்படுகின்றனர். ஒலியலைகளைக் கொண்டு இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் திரையில் காட்டும் எக்கோவே குறை என்ன, எத்தனை பெரிது என்பதை உறுதிசெய்கிறது.

பாதையில் உள்ள இடைவெளிகள்

முதல் இடைவெளி, பிறந்த முதல் நாட்களில் உள்ளது. பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் குழந்தையின் வலக்கையிலும் பாதத்திலும் ஒளிவிடும் சிறு பட்டையைச் சுற்றி, இரத்தத்தில் உயிர்வளி எத்தனை விழுக்காடு உள்ளது என்று பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அளவு 95-க்குக் கீழே நின்றால் எக்கோ எடுக்க வேண்டும். இதற்கான கருவியின் விலை அறுவை சிகிச்சைச் செலவில் ஒரு சிறு துளி என்பதால், பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குழந்தைகளுக்குரிய பட்டையுடன் அதை வாங்கித் தருவது, ஊர் அமைப்பொன்று செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவிகளுள் ஒன்று.

இச்சோதனையில் சிக்காத குறைகளும் உண்டு. அவற்றைத் தாயின் கண்தான் முதலில் காண்கிறது. பால் குடிக்கத் தொடங்கிய குழந்தை இரண்டு நிமிடத்தில் களைத்து விட்டுவிடுகிறது, மூச்சிரைக்கிறது, விசிறிக் காற்றிலும் நெற்றி வியர்க்கிறது, சற்று நேரத்தில் மறுபடி பசித்து அழுகிறது, மாதங்கள் போயும் எடை ஏறவில்லை. அடிக்கடி சளி பிடிப்பதாகவும், பால் போதவில்லை என்றும், திருஷ்டி பட்டுவிட்டது என்றும் வீட்டில் காரணம் சொல்லப்படும் இந்த அறிகுறிகளைக் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தாய்மாருக்கு விளக்கிச் சொன்னால் பல மாதத் தாமதம் குறையும்.

இரண்டாவது இடைவெளி தொலைவு. பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 60 கி.மீ.; சென்னையோ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும், பெரம்பலூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இயங்குவதும் பொது மருத்துவத்தை அருகே கொண்டுவந்துள்ளன. ஆயினும் பச்சிளங்குழந்தையின் இதயத்தில் அறுவை செய்யத் தனிப்பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தீவிரச் சிகிச்சைச் செவிலியர் என ஒரு முழுக் குழுவே தேவைப்படுவதால், அச்சிகிச்சை பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றிலேயே நடக்கிறது. இதய அறுவை சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகையை இரயில்வே தருகிறது. சென்னை-திருச்சி இருப்புப்பாதையில் உள்ள அரியலூர்க்காரர்களுக்கு இது நேரடியாக உதவும். இரயில் நிலையம் இல்லாத பெரம்பலூர் நகரத்தவரோ அரியலூர் வரை பேருந்தில் சென்றே இதைப் பயன்படுத்த முடியும்.

மூன்றாவது இடைவெளி குடும்பச் செலவு. காப்பீடு மருத்துவமனையின் கணக்கைத் தீர்க்கிறதே தவிர, குடும்பத்தின் கணக்கைத் தீர்ப்பதில்லை. சின்ன வெங்காய அறுவடைக்கோ கட்டட வேலைக்கோ செல்லும் பெற்றோர் இருவரும் பதினைந்து, இருபது நாள் வெளியூரில் தங்கினால் வருமானம் நின்றுவிடுகிறது. ஊரில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்கும் கால்நடைக்கும் ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது. உணவும் அறை வாடகையும் ஆட்டோக் கட்டணமும் கைக்காசில் போகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் ஈடு இரத்தம் கேட்கப்படும்போது, பழக்கமில்லாத நகரில் அவர்கள் யாரைத் தேடுவர்? இவ்வளவுக்கும் அஞ்சியே "குழந்தை கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்ப்போம்" என்று நாளைத் தள்ளும் குடும்பங்கள் உண்டு.

ஈகையின் பல வடிவங்கள்

குழந்தைகளின் இதயத்துக்கான ஈகைக்குப் பல முன்மாதிரிகள் உள்ளன. 1975-இல் அமெரிக்க ரோட்டரி உறுப்பினர்கள் உகாண்டா நாட்டுச் சிறுமி ஒருத்தியை நியூயார்க் மாநிலத்துக்கு வரவழைத்து அறுவை சிகிச்சை செய்வித்தது, பின்னர் "கிஃப்ட் ஆஃப் லைஃப்" என்னும் உலகளாவிய பணியாக வளர்ந்தது. 1969-இல் மினியாபொலிஸ் நகரில் தோன்றிய சில்ட்ரன்ஸ் ஹார்ட்லிங்க், வளரும் நாடுகளின் மருத்துவக் குழுக்களுக்குப் பயிற்சி தருவதைத் தன் முதன்மைப் பணியாக ஆக்கிக்கொண்டது. 1991-இல் புட்டபர்த்தியில் திறக்கப்பட்ட சத்திய சாயி மருத்துவமனை, பணம் கட்டும் சாளரமே இல்லாத உயர்சிகிச்சை நிலையம் நடத்த முடியும் என்பதைக் காட்டியது. தனியொரு குழந்தைக்குப் பணம் தருவது, திறமையைக் கற்றுத் தருவது, நிறுவனத்தையே இலவசமாக நடத்துவது என்று மூவகையாக இவை அமைந்துள்ளன.

இரு மாவட்டங்களின் அளவில் செயல்பட விரும்பும் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் நான்காவது வகை ஒன்று பொருந்தும்: காப்பீடு எட்டாத சிறு செலவுகளை ஏற்பது. எக்கோ முகாம் நடத்துவதோடு நின்றுவிடாமல், முகாமில் குறை உறுதியான ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஏட்டில் பதிந்து, சிகிச்சை முடியும்வரை தொடர்வது, வெளியூர் செல்லும் பெற்றோருக்கு நாட்கூலிக்கு ஈடாக ஒரு தொகை தருவது, நகரத்தில் தங்குமிடத்துக்கும் குருதிக் கொடையாளருக்கும் ஏற்பாடு செய்வது ஆகியவை இதில் அடங்கும். வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் காப்பீட்டு அட்டை கிடைக்காத குடும்பங்களுக்கும், காப்பீட்டு வரம்பை மீறும் சிக்கலான சிகிச்சைகளுக்கும் மட்டும் பெருநிதி திரட்டினால் போதும். அப்போதும் பணத்தைத் தனியாளின் கணக்கில் செலுத்தாமல், மருத்துவமனைக் கணக்கில் குழந்தையின் பெயரைக் குறித்துச் செலுத்தி இரசீது பெறுவதே கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பாதுகாப்பு.

வீடு திரும்பிய பின்

மார்பெலும்பைப் பிளந்து செய்த அறுவைக்குப் பின், எலும்பு கூட ஆறு வாரம் வரை ஆகலாம் என்பதால், குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைக் கழுத்தடியிலும் மறுகையை இடுப்படியிலும் கொடுத்து ஏந்த வேண்டும் என்று தாய்க்குக் கற்றுத் தரப்படுகிறது. பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்துக் குழந்தைக்குரிய அளவில் பொட்டலமாக மடித்துத் தரும் மருந்து தீர்ந்துவிட்டால் அடுத்த பொட்டலம் எங்கே கிடைக்கும் என்பதும், பல்சொத்தையிலிருந்து கிருமி இதயத்துக்குப் பரவாமல் பற்களைப் பேண வேண்டும் என்பதும் அவள் அறிந்திருக்க வேண்டியவை. சில குறைகளுக்கு வளர வளர இரண்டாவது, மூன்றாவது அறுவையும் தேவைப்படுவதால், ஆண்டுதோறும் எக்கோ எடுத்துப் பார்ப்பது தவிர்க்க முடியாதது.

குழந்தை நன்றாக ஓடியாடத் தொடங்கியதும், நோய் போய்விட்டது என்ற நம்பிக்கையில் மறுபரிசோதனைக்குச் செல்வது நின்றுபோகிறது. கூலியை இழந்து ஒருநாள் பயணம் செய்ய அதற்குமேல் காரணம் தெரிவதில்லை. பெரம்பலூர் மாவட்ட வேப்பந்தட்டையிலோ அரியலூர் மாவட்ட ஆண்டிமடத்திலோ உள்ள அத்தகைய ஒரு வீட்டுக்கு, நாள் குறித்து நினைவூட்டி, அன்றைய பயணச் செலவையும் கையில் கொடுத்து அனுப்பும் ஓர் அமைப்பு இருந்தால், பல இலட்ச ரூபாய் செலவில் அரசு காப்பாற்றிக் கொடுத்த இதயம் சில நூறு ரூபாய் இல்லாமையால் கைவிடப்படாது.