திண்டுக்கல் கோட்டை முதல் புல்காவ் கிடங்கு வரை: ராணுவத்துக்குத் தோட்டா கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

1790 ஆகஸ்ட். திப்பு சுல்தான் வசம் இருந்த திண்டுக்கல் மலைக்கோட்டையை, கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான கிழக்கிந்திய கம்பெனிப் படை முற்றுகையிட்டது. ஒரே நாள் பீரங்கித் தாக்குதலில் கொண்டுவந்த குண்டும் மருந்தும் கிட்டத்தட்ட காலி! வேறு வழியில்லாமல் கோட்டைமேல் ஏறிப் பார்த்தார்கள், அடித்து விரட்டப்பட்டார்கள். ஆனால், கோட்டைக்குள் இருந்த வீரர்கள் நழுவத் தொடங்கியதால் தளபதி சரணடைந்தார். கம்பெனிப் படை தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

ஆயுத சப்ளையின் அருமையை ஹைதர் அலி அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். 1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த அவர், பிரெஞ்சு வல்லுநர்களை வைத்து இங்கே ஆயுதக் கிடங்கும் பட்டறையும் பீரங்கிப் படையும் அமைத்தார்.

இன்று அந்த வேலை யாருடையது?

'ஆர்மி ஆர்டினன்ஸ் கோர்', சுருக்கமாக ஏஓசி. 1775 ஏப்ரல் 8-ல் கல்கத்தா வில்லியம் கோட்டையில் கம்பெனி அமைத்த ஆயுத வாரியம்தான் இதன் தொடக்கம். அதனால்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 8-ல் உதய தினம் கொண்டாடுகிறார்கள். துப்பாக்கி, தோட்டா, டாங்கி, உதிரிபாகம், சீருடை என எல்லாவற்றையும் இருப்பு வைத்து, கணக்குப் பார்த்து, எல்லை வரை அனுப்புவது இவர்கள்தான். காலாவதியான வெடிபொருளைப் பாதுகாப்பாக அழிப்பதும் இவர்கள் பொறுப்பு. சோறும் பெட்ரோலும் மட்டும் ஏஎஸ்சி எனும் வேறு பிரிவின் வேலை.

ரிப்பேர் ஆனால்?

அதற்கு 'இஎம்இ' பிரிவு இருக்கிறது. முன்பு ஆர்டினன்ஸ் பட்டறைகளே பழுது பார்த்தன. இரண்டாம் உலகப் போரில் வாகனங்களும் இயந்திரங்களும் பெருகியதால், 1943-ல் அந்த வேலை தனிப் பிரிவானது.

அப்போ ஆவடி, திருச்சி தொழிற்சாலைகள்?

அவை தயாரிப்பு நிறுவனங்கள். ராணுவப் பிரிவுகள் அல்ல. 2021 அக்டோபர் 1 முதல், நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.

ஏன் இது முக்கியம்?

2016 செப்டம்பர் நிலவரப்படி, 152 வகை வெடிபொருட்களில் 61 வகை, கடும் போர் மூண்டால் 10 நாள்கூடத் தாங்காது என்று சிஏஜி அறிக்கை எச்சரித்தது. அன்று ஸ்டூவர்ட் மாட்டிக்கொண்ட அதே சிக்கல்!

அதற்காக வாங்கிக் குவித்தால் மட்டும் போதாது. பழுதான வெடிபொருளைச் சேர்த்து வைத்திருப்பதும் ஆபத்துதான். 2016 மே 31-ல் மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்கில் தீப்பிடித்தது. ராணுவ அதிகாரிகள் இருவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. போர் நடக்காத நாளில், எல்லையில் இருந்து வெகுதொலைவில் பறிபோன உயிர்கள் அவை.